தகப்பனுக்கு ஆகாத சாதகம்

இன்று சாவகச்சேரியில் ஒரு பிரக்கிராசியிடம் சட்டம் கேட்கப் போனேன்.

"மகள் பிறந்த உடனை, அவளின்ரை சாதகம் தகப்பனுக்கு ஆகாதெண்டு என்ரை மனுசன் தன்ரை தாயின்ரை வீட்டுக்குப் போயிட்டார், ஐயா. ஏழு வருசம் எட்டியும் பாக்கேல்லை, செலவுக்கும் ஒண்டும் தரேல்லை. இப்ப தோசம் கழிஞ்சுதாம், பிள்ளையைத் தரட்டாம். குடுக்கவேணுமோ?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"தகப்பனுக்குத்தான் முதல் உரிமை, தங்கச்சி. கோட்டிலையும் அப்பிடித்தான் சொல்லுவினம்."

"அப்ப ஏழு வருசச் செலவு?"

"அதுக்கு நீ அப்பவே வழக்கு வைச்சிருக்கவேணும்."

வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

உங்களில் யாருக்காவது நல்ல சாத்திரியாரைத் தெரிந்தால் சொல்லுங்கள். இந்தத் தகப்பனின் சாதகம் பிள்ளைக்கு ஆகாது என்று ஓர் ஓலை எழுதுவிக்க வேண்டும்.