கம்பியை மறைக்கும், பல்லை மறைக்காது

ஃபிஜியில், தலைநகர் சூவாவை ஒட்டிய சமபுலாவில் நான் பல் கிளினிக் நடத்திய காலத்தில், கம்பி கட்ட வருகிறவர்களிடம் முதலில் பல்லைப் பற்றிக் கேட்கமாட்டேன். எப்போது விமானம் ஏறப்போகிறீர்கள் என்றுதான் கேட்பேன். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு தெருவுக்கு நாலு இந்தியர் வீடு சிட்னிக்கும் ஆக்லாந்துக்கும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. கம்பி கட்டுவது வருடக்கணக்கான வேலை. பாதியில் போகிறவர்களை அங்கே எந்த டாக்டர் ஏற்றுக்கொள்வார்? கம்பி கட்டத் தெரிந்த டாக்டர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டதால் கூட்டமெல்லாம் என் தலையில் விழுந்தது. பொய் சொல்வானேன், எனக்கு அந்தக் கூட்டம் பிடித்திருந்தது.

தேவன் வந்தது அப்போதுதான். பக்கத்து ஊரான லாமியில் பள்ளி ஆசிரியர். நல்ல உயரம், லட்சணமான முகம், ஆனால் உதட்டைத் திறக்காமலே பேசுவார். மேல் வரிசையில் ஒரு தெத்துப்பல் பக்கத்துப் பல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கூடவே அவருடைய அம்மா முனியம்மா. தேவன் பேசியது ஃபிஜி இந்தி. தமிழ் அம்மாவுக்குத்தான் வரும். எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

"கண்ணுக்குத் தெரியாத கம்பி இருக்காமே டாக்டர், செராமிக்னு. அதுதான் வேணும்" என்றார் தேவன்.

"எப்ப கிளம்பறீங்க?"

அம்மாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விசா கைக்கு வருமுன் வெளியே சொன்னால் கண்பட்டுவிடும் என்று எங்கள் ஊரில் யாரும் மூச்சு விடமாட்டார்கள். கடைசியில் முனியம்மாதான் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"சிட்னியில பொண்ணு பாத்திருக்கு டாக்டரம்மா. இங்கேருந்து போன நம்ம சனந்தான். கோயில் திருநாளுக்கு வர்றா. புடிச்சிருந்தா கல்யாணம். அந்தத் திருநாளுல இவன் அலகு குத்தி தீ மிதிக்கணும், என் வேண்டுதல்."

ஆட்சிக் கவிழ்ப்பின்போது சூவாவில் இந்தியர் கடைகளை எரித்த அன்று தேவன் வீடு திரும்பவில்லை. ஒரு பூர்வகுடி ஃபிஜியக் குடும்பம் அவரைத் தங்கவைத்து மறுநாள் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டது. அதற்குள் அம்மா மாரியம்மனிடம் பேசி முடித்துவிட்டார். வேண்டிக்கொண்டது அம்மா, கன்னத்தைக் கொடுப்பது மகன்.

நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டுகிற பிராக்கெட் செராமிக்கில் பல்லின் நிறத்திலேயே இருக்கும், அழகுதான். ஆனால் மெட்டலை விடச் சற்றுத் தடிமன், கடினமானதைக் கடித்தால் உடையும். பிராக்கெட்டில் கறை பிடிக்காது, கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் மட்டும் நம் வீட்டுக் கறியில் மஞ்சளாகிவிடும். அதோடு தேவனுக்கு டீப் பைட், மேல்பல் கீழ்ப்பல்லை ரொம்பவே மூடிக்கொள்ளும் கடி. கீழ்ப்பல்லில் செராமிக் ஒட்டினால் அதில் இடித்து இடித்து மேல்பல் தேயும்.

"மஞ்சளானா என்ன, ஆத்தா கலருதானே" என்றார் முனியம்மா.

அலகு விஷயம் எனக்குச் சரியாகப் புரியவில்லை என்று சொல்லிவைத்தேன். மறுநாளே முனியம்மா மகனோடு பூசாரியையும் கையோடு கூட்டிவந்துவிட்டார். வேட்டியும் செருப்புமாக வந்து, தேவனின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்த ஒரே பூசாரி அவர்தான். என் வாய்க்கண்ணாடியின் கைப்பிடியைத் தன் வாயில் குறுக்காக வைத்துக் காட்டினார்.

"இந்தக் கன்னத்துல போயி அந்தக் கன்னத்துல வரும். கம்பி எங்க இருக்குன்னு காட்டுனா நான் வெலகிக் குத்துவேன்."

சொல்லி முடித்த பிறகும் கைப்பிடியை எடுக்காமல் நின்றார். உதடு மூடவில்லை. முன்பல் அத்தனையும் எங்களைப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தேவன், அலகு குத்தினா வாய் மூடாது. வர்ற பொண்ணு உங்க பல்லைப் பாத்துடுவா."

"அதுக்குத்தான் டாக்டர் கம்பி கேக்கறேன்."

"திருநாளுக்குள்ள பல்லு நேராகாது. செராமிக் கம்பியை மறைக்கும், பல்லை மறைக்காது."

தேவன் முகம் செத்துப்போயிற்று. "அவ பாத்துட்டு வேணாம்னுட்டா?" என்றார். சின்ன வயதிலிருந்து ஒரு போட்டோவில்கூட அவர் சிரித்ததில்லையாம். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் பாதியில் விமானம் ஏறப்போகிறவருக்குக் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு போனார்.

திருநாளுக்கு நானும் போயிருந்தேன். மேளச் சத்தத்தில் மஞ்சள் துணி கட்டிய கூட்டம் வந்தது. நடுவில் தேவன், கன்னத்தில் அலகு, தெத்துப்பல் ஊருக்கே தெரிய. தீயைத் தாண்டி வந்ததும் பூசாரி அலகை உருவித் திருநீறு பூசினார். வேண்டுதல் முடிந்த நிம்மதியோ என்னவோ, மனுஷன் வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவைக் கட்டிக்கொண்டு சிரித்தார். மறைக்க வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கியது, புகை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் கிளினிக்குக்கு இருவராக வந்தார்கள். பெண்ணின் பெயர் ஷாலினி. வாய் ஓயாமல் பேசும் பெண்.

"போட்டோவெல்லாம் பாத்துட்டு வேணாம்னுதான் சொல்ல வந்தேன் டாக்டர். ஒண்ணுலயும் சிரிக்கல. இந்த மூஞ்சியோட எப்படி காலம் தள்ளறதுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். அன்னைக்கு இவர் சிரிச்சதைப் பாத்துட்டுத்தான் சரின்னேன்."

தேவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்து பயந்து மூடிவைத்ததுதான் அவருக்கு எதிராக வேலை செய்திருக்கிறது.

புதிதாகத் தொழிலுக்கு வருகிற டாக்டர்களுக்கு இதைத்தான் சொல்வேன். செராமிக்கா மெட்டலா என்று கேட்கிறவரிடம் கடியைப் பாருங்கள், எவ்வளவு நாள் ஊரில் இருப்பார் என்று பாருங்கள். யாரிடமிருந்து எதை மறைக்கப் பார்க்கிறார் என்றும் கேளுங்கள். அதைக் கேட்காமல் பிராக்கெட்டைத் தொடாதீர்கள்.

தேவனிடம், அந்தத் தெத்துப்பல்லின் இடுக்கில் பிரஷ் போகாது, ஈறு கெட்டுவிடும், சிட்னி போனதும் சரிசெய்துவிடுங்கள் என்றேன். தேவன் மெல்ல, "அங்க செராமிக் போட்டுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன் ஷாலினி சொன்னாள்:

"மெட்டல். சிவப்பு ரப்பர் போட்டு. சிவப்பு தெரியலேன்னா மறுபடி வாயை மூடிக்கிட்டாருன்னு நான் கண்டுபிடிக்கணும்ல."