அம்மாவுக்கு மறந்துபோன சின்னம்

எங்கள் ஊரில் பிரசிடெண்ட் என்றால் டெல்லி மாளிகையில் இருப்பவர் அல்ல. ஊராட்சி மன்றத் தலைவர். நாட்டின் தலைவர் யார் என்ற பரீட்சைக் கேள்விக்கு எங்கள் வகுப்பில் ஒருத்தி ஊர்ப் பிரசிடெண்டின் பெயரை எழுதிவைத்தாள். டீச்சரும் எங்கள் ஊர்க்காரர்தான். தப்பென்று அடித்துவிட மனசு வராமல் அரை மார்க் போட்டார். அப்பேர்ப்பட்ட பதவிக்கு எங்கள் அம்மா ஒருமுறை போட்டியிட்டாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

வாடிப்பட்டியைத் தாண்டி திண்டுக்கல் சாலையில் கொஞ்ச தூரம் போய் உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டே தெரு. கட்சியும் தெருவுக்கு ஒன்றாக இரண்டுதான். நாங்கள் கீழத்தெரு. அப்பா எங்கள் தெருக் கட்சியின் கிளைச் செயலாளர். கட்சிக் கரை போட்ட வேட்டியைத் தவிர வேறு வேட்டி அவர் இடுப்பில் ஏறி நான் பார்த்ததில்லை. கல்யாணமோ கருமாதியோ, அதே கரைதான். ஆனால் மனுசன் தங்கம். யாருக்கு நெஞ்சுவலி என்றாலும் தன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வாடிப்பட்டி ஆஸ்பத்திரிக்குப் பறப்பார். போகும்போது எந்தக் கட்சி என்று கேட்கமாட்டார். திரும்பி வரும்போதுதான் கேட்பார்.

ஊரில் வம்பெல்லாம் தண்ணீரால் வந்தது. தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். அதிலிருந்து இரண்டு தெருவுக்கும் குழாய் பிரியும் இடத்தில் வால்வு இருந்தது. எந்தத் தெருக்காரர் பிரசிடெண்டோ அந்தத் தெருவுக்கு வால்வு தாராளமாகத் திறக்கும். மற்ற தெருவுக்கு மோட்டார் ரிப்பேர், கரண்டு இல்லை, ஆபரேட்டருக்குக் காய்ச்சல் என்று ஏதாவது ஒன்று வரும். ஒரே மோட்டார் ஒரு தெருவுக்கு மட்டும் எப்படி ரிப்பேராகும் என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சமயம் பிரசிடெண்ட் மேலத்தெருக்காரர். எனவே எங்கள் தெருப் பெண்கள் வயக்காட்டு பம்புசெட்டுக்குக் குடத்தோடு நடந்தார்கள். நானும் ஒரு குடம் சுமந்து வந்துவிட்டு, முதல் பாடம் முடிந்த பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவேன். இதற்கு எங்கள் தெரு கண்டுபிடித்திருந்த ஒரே வைத்தியம், அடுத்த முறை நம் ஆள் பிரசிடெண்ட் ஆவது. அப்புறம் மேலத்தெருக்காரர்கள் குடம் தூக்கட்டும் என்பதுதான் எல்லாருடைய பிரார்த்தனையும்.

அந்த மேலத்தெருவில்தான் என் அத்தை வாழ்க்கைப்பட்டிருந்தாள். அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. மாமா எதிர்க்கட்சியில் அப்பாவைப் போலவே ஊறிப்போன ஊறுகாய். அப்பாவும் மாமாவும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாமல் பல வருசம் ஆகியிருந்தது. அம்மாவும் அத்தையும் மட்டும் நகமும் சதையுமாக இருந்தார்கள். நாத்தனாரும் மதினியும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவது அடுக்காது என்று ஊரே கண்வைத்தது.

அந்தக் கோடையில் எங்கள் தெருவுக்கு ஒருவாரம் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஒருநாள் காலையில் அத்தை வந்தாள். ஆபரேட்டர் கையிலிருந்த கம்பியை வாங்கி, தானே வால்வைத் திருகி எங்கள் தெருப்பக்கம் திறந்துவிட்டாள். மாமா பின்னாலேயே ஓடிவந்து, கட்சி மானம் போச்சு என்று கத்தினார்.

"கட்சிய நீங்க குடிங்க. தண்ணிய அவுக குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அத்தை கம்பியை அவர் கையிலேயே கொடுத்தாள். மாமா அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். எங்கள் அப்பா அந்தத் தண்ணீரில் குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டே, இதெல்லாம் எதிர்க்கட்சியின் தேர்தல் நாடகம் என்றார்.

தேர்தல் வந்தது. பிரசிடெண்ட் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அப்பா ஒரு வேளை சாப்பிடும் நேரம்தான் யோசித்தார்.

"நாளைக்கு யூனியன் ஆபீசுக்குப் போறோம். நல்ல சேலையா எடுத்துக் கட்டு. நீதான் பிரசிடெண்டுக்கு நிக்கிற."

"எனக்கு என்னங்க தெரியும்?" என்றாள் அம்மா.

"ஒனக்கு எதுக்குத் தெரியணும்? அதான் நான் இருக்கேன்ல."

அதே வேளையில் மேலத்தெருவில் மாமாவும் அத்தையிடம் ஏறக்குறைய இதையே சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லையே தவிர, யோசனை ஒரே மாதிரிதான் ஓடும்.

மதுரையிலிருந்து போஸ்டர் வந்து இறங்கியது. நடுவில் அப்பா ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். மேலே தலைவர்கள் வரிசை. அம்மாவை எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூலையில் தபால்தலை அளவுக்கு வட்டத்துக்குள் இருந்தாள். 'உங்கள் வேட்பாளர்' என்ற எழுத்து அப்பாவின் காலடியில் இருந்தது. எனக்கு அந்தப் போஸ்டரைப் பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை.

காலாண்டு லீவு விட்டிருந்தார்கள். கண்மாயில் நூறு நாள் வேலை நடந்தது. அம்மாவோடு நானும் போயிருந்தேன். இரண்டு தெருப் பெண்களும் ஒன்றாகத்தான் மண் வெட்டுவார்கள். டீத்தண்ணி குடிக்கும் நேரத்தில் அம்மாவும் அத்தையும் கருவேல மரத்தடியில் ஒதுங்கினார்கள். நான் அம்மா மடியில் தலைவைத்துப் படுத்திருந்தேன்.

"நீங்களே நில்லுங்க மதினி, நான் எம் பேரத் திரும்ப வாங்கிர்றேன்" என்றாள் அத்தை.

"கூறு கெட்டவளே, நீ நில்லு" என்றாள் அம்மா. "நான் செயிச்சா உங்க அண்ணன்தான் பிரசிடெண்டு. நீ செயிச்சா நீதான் பிரசிடெண்டு. ஒம் புருசன் ஆடுன்னா நீ ஆடமாட்ட. நான் அவுக மொகத்தப் பாத்து இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்த எதுத்துப் பேசுனதில்ல. அந்த வால்வத் தொட எனக்குக் கை வராது புள்ள."

"அப்ப நீங்க மாட்டேன்னு சொல்லிருங்களேன்."

"நான் மாட்டேன்னா, சொன்னதக் கேக்குற இன்னொருத்திய நிப்பாட்டுவாக. அவ நெசமாவே செயிச்சுட்டா? நானே நிக்கிறேன். அம்புட்டுத்தான்."

அப்பா பிரசிடெண்ட் ஆவது எவ்வளவு நல்ல விசயம்! அதைப் போய் அம்மா ஏன் ஒரு குறையைப்போலச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பேச்சு சுவாரசியப்படாமல் எழுந்து சிப்பி பொறுக்கப் போய்விட்டேன்.

ஊராட்சித் தேர்தலில் பிரசிடெண்ட் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பொதுச் சின்னங்களில் ஒன்றைத்தான் தருவார்கள். அம்மாவுக்கு ஆட்டோ கிடைத்தது. அத்தைக்குக் கத்தரிக்கோல். அப்பா வாடிப்பட்டியிலிருந்து நிஜ ஆட்டோ ஒன்றையே பிடித்துவந்து, மைக் கட்டி, வாழைமரம் வைத்து, என்னை முன்சீட்டில் உட்காரவைத்தார். "போடுங்கம்மா ஓட்டு!" என்று நான் கத்தினால் தெருப்பிள்ளைகள் பின்னால் ஓடிவந்து சின்னத்தைச் சொல்லும். என் வாழ்நாளில் அத்தனை அதிகாரத்தோடு நான் கத்தியது அதற்குப் பிறகு இல்லை.

ஆண்கள் ரோட்டில் ஓட்டுக் கேட்க, அம்மா வீட்டுக்குள் போய்ப் பெண்களிடம் கேட்பது என்று ஏற்பாடு. ஒருநாள் நான் ஆட்டோவிலிருந்து இறங்கி அம்மாவைத் தேடிப் பக்கத்து வீட்டுச் சித்தியின் அடுப்படிக்குள் போனேன். தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி முழங்கையில் எங்கள் கட்சிச் சின்னத்தையே பச்சை குத்தியவள். அந்தக் கையைத்தான் அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கையால மாத்திக் குத்துனா கை அழுகிப் போயிரும்க்கா."

"நாலு சீட்டுத் தருவாக" என்றாள் அம்மா. "ஒன்றியம், மாவட்டமெல்லாம் கட்சிச் சின்னம் இருக்கும். அதுல ஒங்கட்சிக்கே குத்து, யாரு வேணாங்கிறா? ரோஸ் கலர் சீட்டு ஒண்ணு வரும் பாரு, அதுல கட்சியே கெடையாது. அதுல ஆளப் பாத்துத்தான் குத்தணும். கத்தரிக்கோல்ல குத்து."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா! நம்ம சின்னம் ஆட்டோ!" என்று அலறினேன்.

அடுப்படியே விழுந்து விழுந்து சிரித்தது. சித்திக்குப் புரையேறிவிட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஆமால்ல, மறந்துபோச்சு" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. நானும் அப்போது அதே ஐந்தாம் வகுப்பு. என்ன இருந்தாலும் சொந்தச் சின்னத்தை மறக்கலாமா? எனக்கு ஒரு காரணமும் பிடிபட்டது. அம்மா ரவிக்கை தைப்பவள். நாளெல்லாம் கத்தரிக்கோல் பிடித்த கை. பழகின பெயர்தானே வாயில் வரும்?

அன்று சாயங்காலமே அம்மாவுக்கு டியூசன் ஆரம்பித்தேன். சுவரில் சாக்பீஸால் ஆட்டோ வரைந்தேன். மூன்று சக்கரம், மேலே கூரை, உள்ளே டிரைவர். "இது என்ன?" என்று கேட்டால் அம்மா கையைக் கட்டிக்கொண்டு "ஆட்டோ டீச்சர்" என்பாள். பத்து முறை கேட்டாலும் தப்பாமல் சொல்வாள். அப்பா வந்து பார்த்துவிட்டு, என் பொறுப்பை மெச்சி கடலைமிட்டாய் வாங்கித்தந்தார். மறுநாள் இன்னொரு வீட்டுக்குள் எட்டிப்பார்த்தால், "கத்தரிக்கோல்ல குத்துங்கத்தா" என்று குரல் கேட்கும். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அம்மாவுக்கு மறதியே கிடையாது என்பதும், தெரிந்தே அத்தனை வீட்டுப் படியும் ஏறித் தன்னைத் தோற்கடித்துக்கொண்டிருந்தாள் என்பதும், நானே ஓட்டுப் போடும் வயதுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஓட்டுப்போட்ட அன்று அம்மா பள்ளிக்கூடத்துக்குள்ளிருந்து மை வைத்த விரலோடு வெளியே வந்தாள். நான் ஓடிப்போய், "சரியாக் குத்துனியாம்மா?" என்று காதோடு கேட்டேன்.

"சரியாத்தான் குத்துனேன்" என்றாள். அவள் முகம் அத்தனை தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை. அப்பாடா என்று இருந்தது.

அத்தை ஜெயித்தாள். எங்கள் தெரு ஓட்டிலேயே பாதிக்குமேல் கத்தரிக்கோலுக்கு விழுந்திருந்தது. அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். கட்சிக்காரர்கள் சுற்றி நின்றார்கள். அப்புறம் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட ஆரம்பித்தார். பெரியப்பா மேல் சந்தேகம். கொத்தனார் மேல் சந்தேகம். பச்சை குத்திய சித்திமேல்கூடச் சந்தேகம். உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அவருக்குப் பக்கத்தில் நின்று மோர் ஆற்றிக்கொண்டிருந்தாள். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"நீ கூடவே திரிஞ்சேல்ல. ஒங்கம்மா சின்னத்தச் சரியாத்தான சொன்னா?"

உண்மையைச் சொன்னால் அம்மாவின் மக்குத்தனம் சந்தி சிரித்துவிடும். இத்தனை பேர் முன்னால் அவள் திட்டு வாங்குவதை என்னால் பார்க்க முடியாது.

"ஆட்டோன்னுதாம்ப்பா சொல்லுச்சு. எல்லா வீட்லயும்" என்றேன்.

அம்மா மோர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் லேசாகத் தலையாட்டினேன். பயப்படாதே, நான் பார்த்துக்கொண்டேன் என்று அர்த்தம்.

அத்தை பதவி ஏற்றதும் செய்த முதல் வேலை, காலையில் ஒரு தெரு, சாயங்காலம் ஒரு தெரு என்று தண்ணீரைப் பிரித்துவிட்டதுதான். மாமா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தாராம். மூன்றாம் நாள் தானாகவே தட்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டார் என்று கேள்வி.

எங்கள் முறை வந்த முதல் சாயங்காலம் குழாய் முதலில் இருமியது. பிறகு துருவாகக் கொஞ்சம் துப்பியது. அப்புறம் வந்தது பாருங்கள் தண்ணீர்! தெருப் பெண்கள் குடத்தையும் மறந்து ஒருவர்மேல் ஒருவர் வாரி இறைத்தார்கள். அம்மா முழுக்க நனைந்து குழாயடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மறக்காமல் மட்டும் இருந்திருந்தால் இந்தத் தண்ணீரை அவளே திறந்துவிட்டிருக்கலாம். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடும்மா. அடுத்த தடவ இன்னும் நல்லா மனப்பாடம் பண்ணிக்கலாம். நான் சொல்லித் தாரேன்" என்றேன்.

அம்மா என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு என்னை இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். உடம்பு குலுங்க, மூச்சு வாங்க, கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டும்வரை சிரித்தாள். தோற்றுப்போன துக்கத்தைப் பாவம் இப்படி மறைக்கிறாள் என்று நினைத்து, நானும் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.