தெற்கு அணிக்கு வந்த ஆள்

நம்ப முடியாதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். எனக்குக் கோபமில்லை. ஆனால் முழுவதும் படித்துவிட்டு, "சும்மா அடிச்சு விடுறா" என்று யாராவது சொன்னால் மட்டும் பொறுத்துக்கொள்ள மாட்டேன். நடந்தது என் கண் முன்னால். அடிபட்டது என் சொந்தத் தம்பி. அவன் காலில் இன்றைக்கும் இரண்டு இரும்பு ஆணிகள் இருக்கின்றன. வந்து தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் வோரி. மேன் தீவின் தெற்குக் கரையில், போர்ட் செயின்ட் மேரியில் வீடு. இருபது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன். எங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் எது ஆடு, எது மனிதன், எது வேலிக்கல் என்று தூரத்திலேயே சொல்லிவிடுவேன். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ரகம். அந்தத் திமிரெல்லாம் போன டிசம்பர் இருபத்தாறாம் தேதியோடு போயிற்று.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்களுக்குக் கம்மாக். வளைந்த கழி, ஒரு பந்து, தீவின் வடக்கும் தெற்கும் மோதும். செயின்ட் ஜான்ஸ் மைதானத்தில் மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம். ஒரு பக்கத்துக்கு இத்தனை பேர்தான் என்ற கட்டாயம் கிடையாது. கழியோடு வந்து நின்றவனெல்லாம் ஆட்டக்காரன். பெயர் கேட்க மாட்டோம், ஊர் கேட்க மாட்டோம். "வடக்கா, தெற்கா?" என்று மட்டும் கேட்போம். ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடுவோம், சேர்ந்தே முட்டியைப் பெயர்த்துக்கொள்வோம்.

என் தம்பி ஃபின்லோ அன்றைக்கு ஆடியிருக்கவே கூடாது. பல மாதம் வேலை இல்லாமல் சுற்றியவன். அவன் மனைவி ஆலினுக்கு அப்போது ஐந்தாவது மாதம். கின்விக் அண்ணன் தன் சிப்பிப் படகில் அவனைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மறுநாள் விடிகாலை நான்கு மணிக்கு முதல் பயணம். "நாலு பேரு இல்லாம என் படகு நகராது. நீ வரலன்னா வேற ஆளப் பாத்துக்குவேன், அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கச் சிந்தக் கூடாது" என்று கறாராகச் சொல்லியிருந்தார். அந்த இடம் போனால் அவனுக்கு வேறு நாதியில்லை.

வண்டியில் போகும்போதே சண்டை போட்டேன்.

"இன்னைக்கு ஒரு நாள் கழியத் தொடாம இருந்தா கை உதிர்ந்துடுமாடா?"

"வடக்கானுங்ககிட்ட போயி, நாளைக்குப் படகு இருக்கு, கால் வலிக்கும்னு சொல்லச் சொல்றியாக்கா? அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் சிரிப்பானுங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். ஆலின் அழுவாளே, அது பரவால்லையா?"

"ஒன்னும் ஆகாது. சும்மா ஓரமா நின்னு ஆடுறேன்."

ஓரமா நிற்கிறவனா அவன்!

நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே மேற்கிலிருந்து பனி இறங்க ஆரம்பித்திருந்தது. ஊரெல்லாம் காய்ச்சல் வேறு. தெற்கில் பாதிப் பேர் வரவில்லை. வடக்கு அணியின் பெரிய வாய், கெர்மோட், கழியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"என்னடா, தெற்குல எல்லாரும் நேத்தே கவுந்துட்டீங்களா? வேணும்னா எங்க ஆட்டுக்குட்டி ரெண்டு கடன் தரட்டுமா?"

"உன்ன விட அது நல்லா ஆடும். குடு," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஃபின்லோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மைதானத்தின் மேற்குப் பக்கம் திரும்பினான். அங்கே யாருமில்லை. வெறும் பனி. இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு விளையாட்டாகக் கத்தினான்.

"ஏய்! அங்க யாரு? யாரா இருந்தாலும் வாங்க! தெற்குக்கு ஒரு ஆள் வேணும்! எம்பக்கத்துல எடம் இருக்கு!"

ஆட்டம் தொடங்கிவிட்டது. பந்து அங்குமிங்கும் பறந்தது. டக்... டக்... என்று கழிகள் மோதின. நான் பின்வரிசையில் நின்றேன்.

இரண்டு இருபது இருக்கும். பனிக்குள்ளிருந்து ஓர் ஆள் நடந்து வந்தான்.

சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. தலையை மூடிய தொப்பி. கையில் கறுத்துப்போன பழைய கழி. யாரோ கேட்டார்கள், "வடக்கா, தெற்கா?" அவன் பேசவில்லை. நேராக ஃபின்லோவின் பக்கத்தில் போய் நின்றான். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். யாராவது மலைப்பக்கத்துப் பண்ணையாளாக இருக்கும் என்று நினைத்தேன்.

முதலில் அவனுக்கு ஆடவே தெரியவில்லை. கழியைப் பிடிக்கிற விதமே தப்பு. பந்து பக்கத்தில் வந்தாலும் பார்க்க மாட்டான். ஃபின்லோவையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"அண்ணே, பந்தப் பாருங்க! அவன் மூஞ்சில என்ன இருக்கு?" என்று கத்தினேன். அவன் திரும்பவில்லை.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நல்ல குளிர். ஓடி ஓடி எல்லோர் வாயிலிருந்தும் புகை மாதிரி மூச்சு வந்துகொண்டிருந்தது. அவன் வாயிலிருந்து மட்டும் வரவில்லை.

மழையும் இல்லை. ஆனால் அவன் சட்டையின் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்... சொட்... சொட்...

வழியில் ஓடையில் விழுந்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் அவன் பக்கம் போக மனம் வரவில்லை. நிற்கவும் முடியவில்லை. காரணமில்லாமல் இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

மணி மூன்றைத் தாண்டியது. பனி கெட்டியாகிவிட்டது. பத்தடிக்கு அப்பால் எல்லோரும் வெறும் நிழல்தான்.

ஃபின்லோவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பந்தை அடிப்பதற்கு முன் இடது தோளைச் சற்று இறக்குவான். பிறகு தரையில் துப்புவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நூறு பேருக்கு நடுவிலும் அதை வைத்தே அவனைக் கண்டுபிடித்துவிடுவேன்.

அந்த ஆள் இடது தோளை இறக்கினான்.

பிறகு துப்பினான்.

அடித்தான். அச்சு அசல் என் தம்பியின் அடி. ஆனால் பந்தில் கழி பட்ட சத்தமே கேட்கவில்லை.

ஃபின்லோவைக் கூப்பிட்டு வண்டியில் ஏற்றிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. பனிக்குள் ஓடினேன். பத்தடி தூரத்தில் அவன் முதுகு தெரிந்தது. அவனுடைய நீலச் சட்டை. அவனுடைய சிவப்புத் தொப்பி.

"ஃபின்லோ! போதும், வாடா! வீட்டுக்குப் போலாம்!"

அவன் நின்றான். திரும்பவில்லை.

"டேய்... உன்னத்தான்!"

"அக்கா, யாரக் கூப்பிடுற? நான் இங்க இருக்கேன்!"

குரல் என் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினேன். என் பின்னால், நீலச் சட்டையும் சிவப்புத் தொப்பியுமாக, ஃபின்லோ. வாயிலிருந்து மூச்சு புகையாக வந்தது.

மறுபடி முன்னால் பார்த்தேன்.

அங்கே யாருமில்லை.

மளுக்...

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஃபின்லோ கத்திக்கொண்டே விழுந்தான். அவனைச் சுற்றி ஓர் ஆள்கூட இல்லை. ஒரு கழிகூட இல்லை. பாதம் மட்டும் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது.

ஆட்டம் அத்தோடு நின்றது. அவனைத் தூக்கி வண்டியில் வைக்க ஓடி வந்தவர்களில் கெர்மோட்டும் ஒருவன். கதவைச் சாத்தும்போது என்னைப் பார்த்துக் கேட்டான்.

"வோரி, இன்னொருத்தன் எங்க?"

"எந்த இன்னொருத்தன்?"

"ரெட்டப் பிள்ளைங்கன்னு நீ சொன்னதே இல்லையே?"

அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. மறுநாள் காலை அறுவை சிகிச்சை என்றார்கள். ஃபின்லோ வலியில் அழவில்லை, படகை நினைத்து அழுதான். "எடம் போச்சுக்கா... ஆலின்கிட்ட என்ன சொல்வேன்..." என்று சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினான். பார்க்கச் சகிக்கவில்லை. கின்விக் அண்ணனுக்கு நான் போன் செய்துகொண்டே இருந்தேன். விடிகாலையில் கடலுக்குப் போகிறவர், போனை அணைத்துவிட்டுத் தூங்கியிருந்தார். மறுநாள் அவர் கரைக்கு வந்ததும் காலில் விழுந்தாவது அந்த இடத்தைக் காப்பாற்றித் தருகிறேன் என்று தம்பிக்கு வாக்குக் கொடுத்தேன்.

காலையில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மதியத்துக்கு மேல் ஆலினை வற்புறுத்தி வீட்டுக்கு அனுப்பினேன். ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் பாவம். மாலை ஃபின்லோவின் தலையைத் தடவிவிட்டு, துறைமுகத்துக்குப் புறப்பட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. கின்விக் அண்ணன் சிப்பி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். நல்ல மகிழ்ச்சியில் இருந்தார். அதுவே எனக்கு ஆச்சரியம். நாலு பேர் இல்லாமல் நகராத படகாயிற்றே.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. ஃபின்லோ வேணும்னு பண்ணல..."

"கோச்சுக்கறதா? எதுக்கு? அவன் வாயத் தொறக்கலங்கறத தவிர ஒரு கொறையும் இல்ல. மூணு ஆள் வேலைய ஒருத்தனே பாத்தான்."

"யாரு பாத்தது?"

"உன் தம்பிதான். காலைல நாங்க வர்றதுக்கு முன்னாடியே படகுல ஏறி நின்னுட்டான்."

"அண்ணே... அவன் நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஆஸ்பத்திரியில கெடக்கான். கால் ஒடஞ்சு போச்சு. இப்பதான் பாத்துட்டு வரேன்."

அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"வெளையாடாத, வோரி. இப்பதான் எறங்கிப் போனான்."

"எங்க?"

"வீட்டுக்கு."

ஆலின் தனியாக இருந்தாள்.

போனை எடுத்தேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது... எடுத்தாள்.

"அண்ணி..." குரல் மிக மெதுவாக இருந்தது. "அவர அதுக்குள்ள அனுப்பிட்டாங்களா?"

"ஆலின்—"

"நல்லா நடக்கறாரு அண்ணி. கால்ல கட்டே இல்ல. கேட்டா பேச மாட்டேங்கறாரு. சட்டையெல்லாம் ஈரம்... சாப்பாடு போட்டு வெச்சேன். பாத்துட்டே உக்காந்திருக்காரு."

"ஆலின், நான் சொல்றத கேளு. ஃபின்லோ ஆஸ்பத்திரியிலதான் இருக்கான்."

அவள் குரல் இன்னும் தாழ்ந்தது.

"அப்போ இது யாரு அண்ணி?"

"கதவத் தொறந்து வெளிய வா. ஓடாத. திரும்பிப் பாக்காத. வா."

நான் ஓடினேன். கின்விக் அண்ணனும் பின்னாலேயே ஓடி வந்தார். மேட்டுத் தெருவில் ஏறியபோது, ஃபின்லோ வீட்டு வாசலுக்கு வெளியே, வீட்டுச் செருப்போடு ஆலின் நின்றாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்ப் பார்த்தோம். யாருமில்லை. பின்வாசல் திறந்து கிடந்தது. சாப்பாடு தொடப்படாமல் இருந்தது. நாற்காலியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கின்விக் அண்ணன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கடல் தண்ணி," என்றார்.

அன்றிலிருந்து ஆலின் என் வீட்டில்தான். ஃபின்லோவும் நேராக என் வீட்டுக்கே வந்து சேர்ந்தான். ஏப்ரலில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல சுகம். அதற்குப் பிறகு எங்கள் யார் கண்ணிலும் எதுவும் படவில்லை. ஆலினும் மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள். போய்த் தொலைந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மே மாதம் ஃபின்லோவின் கால் தேறியது. வேலை கேட்டுக் கின்விக் அண்ணனிடம் போனான். அவர் அவனைத் துறைமுகத்துக்குள்ளேயே விடவில்லையாம். "இந்தப் பக்கம் தலைய காட்டாத, போ!" என்று நாயை விரட்டுவது போல விரட்டியிருக்கிறார். தம்பி முகம் செத்துப்போய் வந்து நின்றான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேராகக் கிளம்பிப் போய்விட்டேன்.

பட்டப்பகல். நல்ல வெயில். கின்விக் அண்ணன் துறையில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். அஞ்சு மாதத்தில் பத்து வயது கூடினாற்போல இளைத்திருந்தார்.

"அன்னைக்குப் புள்ளத்தாச்சி வாசல்ல நின்னதப் பாத்துட்டு, எல்லாம் தெரிஞ்சும் அவன வெரட்டுவீங்களா? அப்படி யாரண்ணே புதுசா சேத்தீங்க?"

"யாரையும் சேக்கல."

"அப்போ நாலாவது ஆள் யாரு?"

அவர் ஊசியைக் கீழே வைத்தார். கண்ணை மட்டும் படகுப் பக்கம் காட்டினார்.

படகின் பின்பக்கத்தில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். இடது தோள் சற்று இறங்கியிருந்தது.

கின்விக் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"வேலைய விட்டு... நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதான அண்ணே?"

கின்விக் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஜில்லென்று இருந்தது.

"நிறுத்திடலாம் வோரி. ஒரு நிமிஷத்துல நிறுத்திடலாம்... மறுநாளே திரும்பி வந்துட்டான், வேல இருக்கற வரைக்கும் படகுலயே கெடக்கான். நிறுத்துனா நேரா வீட்டுக்குத்தான போவான்?"