மேட்டில் கட்டிய கயிறு

எங்கள் சைக்கிள் கழகத்துக்குப் பொன்விழா வருகிறது. விழா மலருக்கு, வருடந்தோறும் கார்த்திகை மாதக் குளிரில் நடக்கும் சேற்றுப் போட்டியின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பழைய அறிக்கைகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அறுவடை முடிந்த பீற்றூட் வயலில் நாலு பேர் பந்தயம் பிடித்து ஓடியதில் தொடங்கி, பழைய செங்கற்சூளை மேட்டுக்கு மாறி, மழையென்றும் பனியென்றும் பாராமல் நடந்து வந்த போட்டி. எனக்குப் பன்னிரண்டு வயதான வருடத்தின் அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது: ‘பாதுகாப்புக் கருதி, அடுத்த போட்டி முதல் மேட்டின் இருபுறமும் கயிறு கட்டப்படும்.’

யாரிடமிருந்து பாதுகாப்பு என்று எழுதவில்லை. என் அப்பாவிடமிருந்து.

ஜெர்மனியில் பீலெஃபெல்டுக்குப் பக்கத்து ஊரில் அந்தக் கழகத்தில் சேர்ந்த முதல் தமிழ்ப் பிள்ளை நான்தான். இந்தப் போட்டியில் சைக்கிளை ஓட்டினால் மட்டும் போதாது. சறுக்கும் மேடு வந்தால் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியே ஏறவேண்டும். வேறு யாரும் கை வைக்கக்கூடாது. வைத்தால் ஓடியவர் கணக்கில் இல்லை. இதை வீட்டில் மூன்று தரம் விளக்கினேன். அப்பா செய்தி பார்த்தபடி மூன்று தரமும் “ஓம், ஓம்” என்றார். அந்த “ஓம்”க்கு என்ன பெறுமதி என்று அப்போதே தெரிந்திருக்கவேண்டும், என் புத்தியைச் செருப்பால் அடிக்க!

கழக வீட்டுச் சுவரில் ஒரு மரப்பலகை உண்டு. ஒவ்வொரு வருடமும் சிறுவர் பிரிவில் முதல் மூன்று இடம் வருபவர்களின் பெயரை அதில் வெள்ளை நிறத்தில் எழுதுவார்கள். அதில் என் பெயர் வரவேண்டும். அந்த வருடம் முழுக்க எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் கலியாண வீட்டுக்கு வருவதுபோல் உடுத்திக்கொண்டு வந்தார்கள். அப்பாவின் சப்பாத்து பளபளத்தது. கடைசிச் சுற்றில், நம்பினால் நம்புங்கள், நான் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தேன். மேட்டடியில் இறங்கி, பயிற்சியாளர் வாரக்கணக்காகச் சொல்லித் தந்த முறை எனக்குப் பிடிபடாததால், இரண்டு கையாலும் சைக்கிளைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். வழுக்கி முழங்கால் சேற்றில் குத்தியது.

“பிள்ளை மூச்சு வாங்குது, நீங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறியளே?” இது அம்மா.

அவ்வளவுதான். அந்தச் சப்பாத்தோடு அப்பா சேற்றில் இறங்கிவிட்டார்.

“சைக்கிள் எல்லோ மனிசரைச் சுமக்கவேணும்! தா இங்க!”

“விடுங்கோ அப்பா! தொடக்கூடாது! விடுங்கோ!”

விட்டால்தானே. ஒரு கையைச் சட்டத்துக்குக் கீழே விட்டு, ஒரே வீச்சில் தோளில் போட்டு, அதே கையால் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை வீசி மேட்டில் ஓடினார். இரண்டு பையன்களை முந்தினார். நான் பின்னால் அழுதுகொண்டு ஓடினேன். சனமோ கைதட்டியது! அந்தக் கைதட்டலைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. உச்சியில் சைக்கிளை நிறுத்தி, “ஏறு, கெதியா போ” என்றார். பக்கத்தில் மஞ்சள் அங்கி போட்ட நடுவர் கை உயர்த்தியபடி நின்றார்.

எனக்குப் பின்னால் வந்த பையனின் பெயர் பலகையில் ஏறியது. நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு, அம்மா நீட்டிய தேநீரைத் தட்டிவிட்டேன். பயிற்சியாளர் வந்தார். ஆறுதல் சொல்லப் போகிறாராக்கும் என்று நிமிர்ந்தால், அவர் பார்வை அப்பாமேல் இருந்தது. சைக்கிளைத் தூக்குவதென்றால் இப்படித்தான் தூக்கவேண்டும், உன் அப்பா எங்கே போட்டிகளில் ஓடினார், கேட்டுச் சொல் என்றார். எரிகிற நெருப்பில் எண்ணெய்!

வேண்டாவெறுப்பாகக் கேட்டேன். அப்பா சப்பாத்துச் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“போட்டியோ? ஊரில சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து வரேக்க இடுப்பளவு தண்ணி. வீட்டில ஒரு சைக்கிள்தான். ஒரு தோளில அது, மற்றதில தம்பி. ரெண்டையும் விட ஏலாது எண்டுதான் நினைச்சனான். கரையேறேக்க சைக்கிள் மட்டும்தான் தோளில.”

அவருக்கு ஒரு தம்பி இருந்ததாக எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு சித்தப்பா படத்தில்கூட இல்லை.

நான் பயிற்சியாளர் பக்கம் திரும்பி, “போட்டி எதிலும் ஓடவில்லையாம்” என்று ஜெர்மனில் சொன்னேன். அவ்வளவுதான் மொழிபெயர்த்தேன். பிறகு பலகையைப் பார்த்து மறுபடி அழத் தொடங்கினேன். அப்பா என் தலையைத் தடவி, “சரி பிள்ளை, நான் சைக்கிளைத் தொட்டிருக்கக்கூடாது” என்றார். பெயர் போனதற்காகத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவர் கையைத் தட்டிவிட்டேன்.