முனிக்கு வெந்நீர்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பச்சைக் குழந்தைகளைவிட நன்றாகக் குளிப்பாட்டப்பட்டது மாமாவின் மவுத்பீஸ்தான். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். குடும்பம் குட்டி என்று எதுவும் இல்லாமல் எங்களோடு இருந்தவர். கந்தப்பளைப் பக்கம் கல்யாணம், சாவு, தேர் என்று எது நடந்தாலும் போய் ஊதுகிற பேண்ட் கோஷ்டியில் ட்ரம்பெட் வாசித்தார். ட்ரம்பெட் கோஷ்டித் தலைவருடையது. உதட்டில் வைத்து ஊதுகிற அந்தச் சின்னக் குமிழ் மட்டும் மாமாவின் சொந்தச் சொத்து. பித்தளையில் செய்து வெள்ளி முலாம் பூசியது.

ஊதிவிட்டு வந்தால் அதைக் கழுவாமல் சாப்பிட உட்கார மாட்டார். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், இரண்டு சொட்டு சோப்பு, உள்ளே விட்டுத் தேய்க்க ஒரு குட்டி பிரஷ், துடைக்கப் பழைய வேட்டித் துணி. கொதிநீர் கூடாது, புளி கூடாது, சாம்பல் கூடவே கூடாது. “முலாம் போயிருச்சுன்னா பித்தள பச்சையா களிம்பு கட்டும், உதட்டுக்கு ஆகாது தங்கச்சி” என்பார். “பெத்த புள்ளையக்கூட இம்புட்டுப் பாக்க மாட்டாங்க” என்று சொல்லிக்கொண்டேதான் அம்மா வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். எங்கள் ஊர்க் குளிரில் பித்தளை உதட்டைக் கடிக்கும். அதனால் ஊதப் போகும் நாளில் அதைச் சட்டைப் பைக்குள் நெஞ்சோடு வைத்துச் சூடாக்கிக்கொண்டே போவார்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, கீழ் டிவிஷனில் ஒரு சாவுக்கு ஊதிவிட்டு மழையில் நனைந்து வந்தார். சாவுக்குப் போனவர்கள் மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும், கொண்டுபோன சாமானையும் நனைத்துத்தான் கொண்டுவர வேண்டும். மாமா முழுகினார். அன்றைக்குப் பார்த்து, குளிர் நடுக்கத்தில் மவுத்பீஸை மட்டும் கழுவாமல் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துப் படுத்துவிட்டார்.

காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. முகத்தின் இடப்பக்கம் தொங்கிப் போயிருந்தது. இடது கண்ணை மூட முடியவில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரியில் டாக்டர், நரம்பு வீங்கியிருக்கிறது, அநேகமாகச் சரியாகிவிடும், கன்னத்தை உப்பி ஊதிப் பழகுங்கள் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். லயத்துக்காரர்கள் டாக்டர் பேச்சைக் கேட்டுவிடுவார்களா? “சுடுகாட்டுச் சாமானத் தண்ணி காட்டாம கொண்டாந்தா சும்மா விடுமா? முனி அறஞ்சிருச்சு” என்று பூசாரி முடித்துவிட்டார்.

தீட்டுக் கழிய வேண்டும் என்று அம்மா அதைப் புளியும் செங்கல் தூளும் போட்டுக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தாள். விளிம்பில் ஏற்கெனவே மெலிந்திருந்த வெள்ளி போய், உள்ளிருந்து மஞ்சளாகப் பித்தளை எட்டிப் பார்த்தது. சுத்தமாகிவிட்டது என்று அம்மா நினைத்துக்கொண்டாள். மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. மூடாத கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, ஆனால் அது எந்நேரமும் வடிவதுதான்.

பிறகு பூசாரி சொன்னபடி அதை மஞ்சள் துணியில் சுற்றி, ஏழாம் நம்பர் மலையில் சவுக்கு மரத்தடியில் இருக்கும் முனிக் கல்லுக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தார்கள். தேர்த் திருவிழாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. கோஷ்டித் தலைவர் வந்து பார்த்தார். “தேர் வாறதுக்குள்ள வாய் நேராச்சுன்னா வாங்க. இல்லாட்டி வேற ஆள்தான் பாக்கணும்” என்றார். மாமாவுக்கு வேறு தொழில் தெரியாது. வாசலில் உட்கார்ந்து கன்னத்தை உப்பிப் பார்த்தார். காற்று புஸ்ஸென்று பக்கவாட்டில் போனது. லயத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் வாசலில் உட்காரவில்லை. மதியமானால் மப்ளரால் வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, “சும்மா நடந்துட்டு வாறேன்” என்று போய்விடுவார். திரும்பி வந்து, ஒரு கண் திறந்தபடியே தூங்குவார். அந்தக் கண் மாமாவுடையது இல்லை, உள்ளே வேறு யாரோ இருந்து பார்க்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. அவருடைய பாயைச் சுற்றிக்கொண்டு சுவரோரமாகவே நடப்பேன்.

ஏழாம் நம்பர் மலையில் சத்தம் கேட்க ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். மதியத்துக்கு மேல் மலை முழுக்கப் பனிமூட்டம் இறங்கிவிடும். அதற்குள்ளிருந்து, பீலியில் தண்ணீர் நின்று காற்று வரும்போது கேட்குமே, அப்படி ஒரு சத்தம். விர்ரென்று தொடங்கும், பாதியில் கிழிந்து போகும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. மறுபடி தொடங்கும். முனி மாமாவின் வாயை எடுத்துக்கொண்டு ஊதிப் பார்க்கிறார் என்றார்கள். கொழுந்து எடுக்கிறவர்கள் மதியத்துக்கு மேல் அந்த மலைக்குப் போக மாட்டோம் என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவிடம் சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் தைரியமாகப் பாதி தூரம் போய் போனில் பதிந்துகொண்டு வந்தார். வாசலில் எல்லோரும் கூடிக் கேட்டோம். முதலில் காற்று. பிறகு அந்த விர்ரென்ற சத்தம். கடைசியில், மேடு ஏறிவந்த மனிதன் மூச்சு வாங்குவதுபோல யாரோ மூச்சு வாங்கினார்கள். அம்மா இரண்டாம் தடவை அதைப் போடச் சொல்லிக் காதோடு வைத்துக் கேட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா என் கையில் ஒரு பையைக் கொடுத்தாள். வெற்றிலை, வாழைப்பழம், ஒரு போத்தலில் இளஞ்சூட்டு வெந்நீர், பழைய வேட்டித் துணியில் ஒரு துண்டு.

“முனிக்கு எதுக்கும்மா வெந்நீ?”

“இந்தக் குளிருல சாமின்னா மட்டும் பச்சத் தண்ணியில கழுவ முடியுமா? கல்லடியில வச்சிட்டு, திரும்பிப் பாக்காம ஓடியாந்துரு.”

தினமும் அப்படியே செய்தேன். தினமும் முந்தின நாள் போத்தல் காலியாக இருக்கும். பழம் இருக்காது. துணி ஈரமாக, கொடியில் போட்டதுபோல் தேயிலைச் செடிமேல் விரித்திருக்கும். அதில் பச்சையாகக் கறை இருக்கும். முனியின் ரத்தம் பச்சை நிறம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஒருநாள் ஆசை அடங்காமல் அந்த மஞ்சள் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தேன். கல் ஜில்லென்று இருந்தது, செடி ஜில்லென்று இருந்தது, பொட்டலம் மட்டும் சூடாக இருந்தது. ஒருவர் நெஞ்சோடு வைத்திருந்து இப்போதுதான் எடுத்து வைத்த சூடு. மூட்டத்துக்குள் செடி சரசரத்தது. விழுந்து எழுந்து ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன்.

“சூடாவா இருந்துச்சு?” என்றாள் அம்மா. அவள் முகத்தில் பயமே இல்லை. “யாருகிட்டயும் சொல்லிராத.”

“மாமாவ முனி கொண்டுபோயிருவாராம்மா?”

“அவரு கொண்டுபோக வரல. குடுக்க வந்திருக்காரு.”

அன்று சாயங்காலம் சோறு போடும்போது மாமாவின் உதட்டைப் பார்த்தேன். பச்சையாக ஒரு வட்டம், நடுவில் இல்லாமல் நல்ல பக்கமாக ஒதுங்கிப் பதிந்திருந்தது. முனி முத்திரை குத்திவிட்டார் என்று நான் தட்டோடு தள்ளி உட்கார்ந்தேன். அம்மாவும் அதைப் பார்த்தாள். பருக்கை ஒட்டியிருக்கிற மாதிரி முந்தானையால் துடைத்துவிட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சில நாளில் அந்தச் சத்தம் கிழியாமல் வந்தது. நீளமாக, நேராக, ஒரே மூச்சில். லயமே வாசலில் நின்று கும்பிட்டது. அதோடு சத்தம் நின்றுபோனது. தேரன்று மாமா முன்வரிசையில் நின்று ஊதினார். சிரிக்கும்போது மட்டும் வாய் லேசாகக் கோணியது. பூசாரி எல்லாம் முனியின் கிருபை என்றார். ஊரார் கல்லுக்குத் தகரக் கூரை போட்டார்கள்.

கோணல் வாயோடு ஊதுவதைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்று ஒரு மனிதர் மூட்டத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தார். அந்த மூச்சைக் கேட்டே அவர் தங்கை அண்ணனைக் கண்டுகொண்டாள். இதெல்லாம் எனக்கு விளங்க நான் பெரியவளாக வேண்டியிருந்தது. கண்டுகொண்டதை அவள் அவரிடம் கடைசிவரை காட்டிக்கொள்ளவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகை வருகிறது.

அப்போது எனக்கிருந்த கவலை வேறு. தேர் முடிந்த மறுநாள், பழக்கதோஷத்தில் பையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போய் நின்றேன்.

“இனிமே கொண்டுபோக வேணாம்” என்றாள். அடுப்பில் வெந்நீர் சூடாகிக்கொண்டிருந்தது. “அவரு இனி நம்ம வீட்டுலயே கழுவிக்கிருவாரு.”

அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் அடுப்படிக்குத் தனியாகப் போகவில்லை.