பாதி மாமரமும் பாதிக் கிருமியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள் நான். பெற்ற தகப்பனைப் பற்றிப் பெருமை பேசினால் சாமிக்கு அடுக்குமா என்ற பயமும் இருந்தது. ஏகாம்பரநாதர்மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

அப்போது எட்டாம் வகுப்பு. பரீட்சை முடிந்ததும் பள்ளியை நிறுத்திவிட்டு நான் ராட்டையில் உட்கார வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அப்பாவின் தறியில் குறுக்கே ஓடும் ஊடைநூலைச் சுற்றித்தர வேறு ஆள் இல்லை.

அந்தச் சமயம் பள்ளியில் கண்காட்சி வந்தது. மண்ணிலும் நம் தோலிலும் வாழ்கிற ஒரு கிருமியை ஏதாவது ஒரு மரத்தோடு ஒப்பிட்டுப் படம் வைக்கச் சொன்னார் டீச்சர். நான் ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தை எடுத்துக்கொண்டேன். எனக்குப் படம் வராது. சேலை பார்டருக்கு டிசைன் போடுகிற கட்டத்தாளில் அப்பாவே போட்டுத் தந்தார். கண்காட்சியன்று காலையில்தான் பிரித்துப் பார்த்தேன். மரமும் பாதி, கிருமியும் பாதி. நட்டநடுவில் கோடு கிழித்து நிறுத்தியிருந்தார்.

“பாதி போட்டா போதும்மா. மீதியத் தறியே திருப்பிப் போட்டுக்கும்,” என்றார், நெசவிலிருந்து கண்ணை எடுக்காமல். தாமரையானாலும் கோபுரமானாலும் அவர் தாளில் எதையும் முழுசாகப் போட்டதில்லை. இனித் திருத்த நேரமும் இல்லை.

பார்வையிட வந்த அதிகாரி சிரித்துவிட்டார். “மீதி மரத்த ஆடு மேஞ்சிட்டுதாமா?” என்று கேட்டார். கூடவே எல்லோரும் சிரித்தார்கள். பெற்றோர்களோடு சுவரோரம் நின்றிருந்த அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சாமி பேரை மனசில் சொல்லிக்கொண்டு, வகுப்பில் கேட்டதைப் பிடித்துக்கொண்டேன்.

“வேணும்னுதான் சார் பாதி போட்டிருக்குது. மரத்தப் பாதியாப் பொளந்தா பட்டுப்போயிடும். கிருமி பாதியானா ரெண்டாயிடும்.”

அதிகாரி சிரிப்பை நிறுத்திப் படத்தை மறுபடி பார்த்தார். இது யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

“படம் போட்டது நாந்தாங்க. சொன்னது எம் பொண்ணுங்க.”

திரும்பும் வழியில் அப்பா கோயில் வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் ராட்டையைத் தூக்கிப்போய் எதிர்வீட்டு அத்தையிடம் கொடுத்து, இனி நூல் நீங்கள்தான் சுற்றித்தர வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

பள்ளியோடு இப்போது ராட்டையும் போனது, அதிகாரியிடம் பொய் சொன்னதற்குத் தண்டனை என்று நினைத்து, ராட்டை இருந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். லீவு முடிந்து அப்பா புது நோட்டுகள் வாங்கிவந்தபோதும், யாருக்குப்பா என்றுதான் கேட்டேன்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அப்பாவின் மரத்தை மட்டும் யாரும் முழுசாக்கிவிட வேண்டாம்.