கொல்லைமேட்டு கிளைடர் கிளப்

எங்கள் பக்கத்தில் ஒரு கிளைடர் கிளப் இருந்தது என்று சொன்னால் என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். திருத்தணிக்கு மலை ஏற வருகிறவர்கள் உண்டு, திருப்பதிக்கு பஸ் மாற வருகிறவர்கள் உண்டு, ஆகாயத்தில் ஏற யார் வந்தார்கள் என்று கேட்கிறார்கள். யாரும் வரவில்லை. என் தாய்மாமா உள்ளூரிலேயே இருந்தார்.

மாமா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ரயிலில் மெட்ராஸ் போய், எஞ்சின் இல்லாத விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். தினமும் எஞ்சினைக் கழற்றி மாட்டுகிறவருக்கு எஞ்சினே இல்லாத ஒன்றின்மேல் ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. பிறகு அவரும், ஒரு டிராயிங் வாத்தியாரும், லாரிப் பட்டறை வைத்திருந்த ஒருவரும் சேர்ந்து கிளப் தொடங்கினார்கள். மெட்ராசில் கழித்துப் போட்ட பழைய கிளைடர் ஒன்று லாரியில் வந்து பட்டறையில் இறங்கியது. மரச்சட்டம், அதன்மேல் துணி. நைந்த துணியை உரித்துவிட்டு, எங்கள் தெருத் தறிகளில் நெருக்கமாக நெய்த துணியை இழுத்து ஒட்டி, மேலே ஏதோ வார்னிஷ் பூசினார்கள். அந்த வாடையில் பட்டறைத் தெருவே தலைவலி பிடித்துக் கிடந்தது.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பெற்றவர்கள் போன பிறகு மாமாவை வளர்த்தவள் அவள்தான். மாமா வீட்டுக்கு வந்தால் சோறு போடுவாள், ஆனால் முகம் பார்த்துப் பேச மாட்டாள். அவருக்குச் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வாள்.

"டேய், ஒங்க மாமன்கிட்ட சொல்லு. பறக்கணும்னா ரெக்கை மொளைக்கணும். சோறு துன்னுகினு கனா கண்டா போதாது."

மாமாவும் என்னைப் பார்த்தே பதில் சொல்வார். "ஒங்கம்மாகிட்ட சொல்லுடா. ரெக்கை அவுங்க தறியிலதான் மொளைச்சுதுன்னு."

நான் குழம்புக் கிண்ணத்தைப் பிடித்தபடி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பேன்.

ஆர்.கே.பேட்டை சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த கொல்லைமேடுதான் கிளப்பின் விமான நிலையம். அது ஒரு கல்மேடு. மேற்கிலிருந்து அடிக்கிற ஆடிக்காற்று அதன் சரிவில் மோதி மேலே ஏறும். கிளைடரை உச்சியில் நிறுத்தி, மூக்குக் கொக்கியில் ஒரு வளையத்தை மாட்டுவார்கள். அந்த வளையத்திலிருந்து இரண்டு பக்கமும் தடித்த ரப்பர் கயிறு போகும். ஆட்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் ஓட, வாலைப் பிடித்திருப்பவர்கள் சமயம் பார்த்து விடுவார்கள். கவணில் வைத்த கல் மாதிரி அது கிளம்பி, ஓடுகிறவர்களின் தலைக்கு மேலே போக வேண்டும்.

இறங்குவதற்குக் கீழே இருந்த தரிசுதான் இடம். முதன்முதலாகப் பறக்கக் குறித்திருந்த நாளன்று, அதற்குச் சொந்தக்காரர் காலையிலேயே வந்து நின்றுவிட்டார்.

"தம்பி, மழை பேஞ்சிருக்குது. கடலைக்கு ஈரம் காஞ்சி பூடும். இன்னிக்குப் பொழுதோட சரி, நாளைக்கு ஏர் பூட்டிருவேன். அப்புறம் ஒங்க வண்டிய எங்க எறக்குவியோ, நீயே பாத்துக்க."

அந்தத் தரிசை விட்டால் சுற்றுவட்டாரத்தில் வேறு சமநிலம் இல்லை. அன்று பறக்காவிட்டால் கிளப் பட்டறையோடு முடிந்தது.

கயிறு இழுக்க வந்தவர்கள் எங்கள் தெரு நெசவாளிகள். ஆடிக் கிருத்திகை முடிந்த மறுநாள் என்பதால் முக்கால்வாசிப் பேர் மொட்டைத் தலையும் சந்தனமுமாக இருந்தார்கள். மாமா கிளைடருக்குள் உட்கார்ந்தார். மெட்ராசிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் கையை வீசி உத்தரவு கொடுத்தார். எல்லாரும் நடந்தார்கள், பிறகு ஓடினார்கள். கயிறு விறைத்தது. வாலை விட்டதும் கிளைடர் தரையில் உராய்ந்துகொண்டு நகர்ந்தது.

மாசியில் தேர் இழுத்துப் பழகிய கைகள் அவை. பெரிதாக ஒன்று அசைந்து வருவதைக் கண்டதும் அத்தனை கைகளும் கயிற்றை விட்டுவிட்டுத் தலைக்கு மேலே கூப்பின. "அரோகரா!" என்று மேடே அதிர்ந்தது. முதலில் கையைத் தூக்கியது என் அப்பா, எங்கள் நைனா. கிளைடர் ஓர் ஆள் உயரம்கூட எழவில்லை. எருமை படுப்பது போல வயிறு தரையில் பட உட்கார்ந்துவிட்டது.

பயிற்சியாளர் ஓடி வந்தார். "யோவ், கயித்த ஏன்யா வுட்டீங்க?"

"சாமி கெளம்பசொல்ல கும்புடாம இருப்பாங்களா சார்?" என்றார் நைனா.

"அது சாமி இல்லைய்யா!"

"ஆங், எங்களுக்குத் தெரியுதுங்க. கைக்குத் தெரியலியே."

இரண்டாம் முறை கையை விடுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். இடப்பக்கத்தார் சத்தியத்தைக் காப்பாற்றினார்கள், வலப்பக்கத்தார் கும்பிட்டார்கள். கிளைடர் ஒரு பக்கமாகத் திரும்பிப் போய்ப் புதரில் மூக்கை நுழைத்தது. தரிசுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாடுகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் அம்மா கூழ்ப்பானையோடு மேடு ஏறி வந்தாள். வலப்பக்கத்தார் கயிற்றை விட்டுக் கும்பிட்டதை ஏறும்போதே பார்த்திருந்தாள். புதரிலிருந்து இழுத்து வந்த கிளைடர்மேல் கையை வைத்துக்கொண்டு மாமா தரையைப் பார்த்தபடி நின்றார். பல மாதங்களுக்குப் பிறகு அம்மா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். பானையை என் பக்கத்தில் இறக்கி வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கயிற்றின் முனைக்குப் போய் நின்றாள்.

"இன்னா அக்கா?" என்றார் மாமா.

"நீ போய் உள்ள குந்து. நீ ஏறி ஒண்ணும் வுழப்போறதில்ல. இவங்க பாதியில வுட்டுத்தான் வுழுவ." பிறகு நைனாவையும் மொட்டைத் தலைகளையும் திரும்பிப் பார்த்தாள். "எவன் கை கயித்த வுட்டு மேல போவுதோ, அவனுக்குக் கூழ் கெடையாது. கும்புடறதுன்னா அது தாண்டிப் போனப்புறம் கும்புடு."

மூன்றாம் முறை ஒரு கையும் மேலே போகவில்லை. அம்மா குனிந்த தலையோடு, மண்ணைப் பார்த்தபடியே ஓடினாள். வால் விடுபட்டது. பெரிய நிழல் ஒன்று அவர்கள் முதுகின்மேல் ஏறி, தலையைக் கடந்து, சரிவில் இறங்கி ஓடியது. வளையம் தொப்பென்று விழுந்தது. அதன் பிறகு சத்தமே இல்லை. எங்கள் தெருத் துணி காற்றில் நின்றது. மாமா மேட்டை ஒட்டியே போனார், திரும்பினார், மறுபடி போனார். பாதி வழியில் நின்றுவிட்ட தரிசுக்காரர் வாயைத் திறந்தபடி கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அந்த வருடமும் அதற்குப் பிந்திய வருடங்களிலும் அவர் கடலை விதைத்தார். நடுவில் நீளமாக ஒரு பட்டை மட்டும் உழாமல் விட்டார். கேட்டால், அங்கே மண் சரியில்லை என்பார். அந்தப் பட்டையில் இறங்கிப் பழகியவர்கள்தான் எங்கள் கிளப்.

அன்று கிளைடர் தலையைத் தாண்டிப் போனதும் நைனாவும் மற்றவர்களும் ஆசை தீரக் கும்பிட்டார்கள். அம்மா மட்டும் கயிற்றை விடவில்லை. தறி நூலைச் சுற்றுவது போல முழங்கைக்கும் கட்டைவிரலுக்குமாக அதைச் சுற்றிக்கொண்டு தரையையே பார்த்து நின்றாள். நான் பானையை விட்டுவிட்டு அவளிடம் ஓடினேன்.

"அம்மா, மாமா பறக்கறாரும்மா! மேல பாரும்மா!"

அவள் பார்க்கவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை என்று எனக்குத் தோன்றியது. அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். அப்போதும் நிமிரவில்லை.

"எறங்கிட்டானா?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னும் இல்ல."

சற்று நேரத்தில் மறுபடி கேட்டாள். கிளைடர் தரிசில் புழுதி கிளப்பி ஓடி நின்றது. மாமா வெளியே குதித்துக் கையை ஆட்டினார்.

"எறங்கிட்டாரும்மா."

கயிறு அவள் கையிலிருந்து நழுவியது. அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். காற்றைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. அந்த வெற்று வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள்.

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "எல்லாம் முடிஞ்சி போச்சும்மா," என்றேன். "நீ ஒண்ணுமே பாக்கல."